டிரைசூட் வாங்குமுன் ஒரு காற்றுக் கணக்கு

குளிர்நீரில் சிலிண்டரோடு மூழ்கி டைவ் செய்பவர்கள் போடும், தண்ணீரை உள்ளே விடாமல் காற்றை வைத்திருக்கும் உடைதான் டிரைசூட். "டிரைசூட் வாங்கப்போகிறேன், எந்த பிராண்ட் எடுக்கலாம்?" என்று யாராவது கேட்டால் நான் நேராகப் பதில் சொல்வதில்லை. "உள்ளே என்ன போடப்போகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பேன். நிறம், ஜிப் எந்தப் பக்கம், பாக்கெட் எத்தனை என்றெல்லாம் யோசித்து வைத்திருப்பார்கள். உடம்பைச் சூடாக வைக்கப்போகிற துணியைப் பற்றி யோசித்திருக்க மாட்டார்கள். அடுத்து வரும் கேள்வி, "எத்தனை கிலோ ஈயம் கட்டணும்?" இரண்டும் வேறு வேறு கேள்விகள் மாதிரித் தெரியும். எனக்கு இரண்டும் ஒரே கேள்விதான். குளிர்நீரில் நம்மைக் காப்பது அசையாமல் நிற்கும் காற்று. நம்மை மிதக்க வைப்பதும் அதே காற்றுதான். அந்த மிதப்பை அடக்கத்தான் ஈயம். எவ்வளவு சூடு வேண்டும் என்று முடிவு செய்தவுடனே எவ்வளவு ஈயம் என்பதும் பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது.

இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி, என் உடம்பு. நான் குட்டை, ஒல்லி, சீக்கிரம் குளிரும். என்னோடு ஜோடியாக டைவ் செய்பவர் ஆறடி ஆள். எனக்கு நடுக்கம் எடுக்கும் நேரத்தில் அவருக்கு வியர்க்கும். அவருக்குச் சரியாக வந்த எந்த அறிவுரையும் எனக்குச் சரிவரவில்லை. அதனால் இதைக் குளிர் தாங்காத ஒருத்தியின் கணக்காகவே படியுங்கள்.

வெட்சூட், அதாவது தண்ணீர் உள்ளே புகும் நியோபிரீன் நுரை ரப்பர் உடை, போதாதா என்பதை முதலில் முடித்துவிடுகிறேன். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெட்சூட்டில் நமக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பவை நியோபிரீனுக்குள் இருக்கும் நுண்ணிய வாயுக் குமிழிகள். 10 மீட்டரில் அழுத்தம் 2 பார், 30 மீட்டரில் 4 பார். அதற்கேற்பக் குமிழிகள் நசுங்கி சூட் மெலிந்துவிடும். எங்கே அதிகம் குளிருமோ அங்கே சூட் மிக மெல்லியதாக இருக்கும். ஏரிகளில் இது இன்னும் மோசம். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிக அடர்த்தி. அதனால் குளிர்ப் பிரதேசத்து ஆழமான ஏரிகளின் அடித்தண்ணீர் நடுக்கோடையிலும் அந்த 4 டிகிரியை ஒட்டியே கிடக்கும். மேலே 20 டிகிரியில் பிள்ளைகள் நீச்சலடிப்பார்கள். கீழே 25 மீட்டரில் பல் கிட்டும். டிரைசூட்டில் நசுங்கிய காற்றைச் சிலிண்டரிலிருந்து நாமே ஈடுசெய்துகொள்ளலாம். 30 மீட்டரிலும் உள்ளே இருக்கும் துணி அதே தடிமனில் நிற்கும். என் கணக்கில் 15 டிகிரிக்குக் கீழே டிரைசூட் சுகம், 10 டிகிரிக்குக் கீழே அவசியம்.

சரி, உள்ளே என்ன போடுவது? உடம்பை ஒட்டி ஒரு மெல்லிய அடுக்கு. மெரினோ கம்பளியோ செயற்கை இழையோ, எதுவானாலும் சரி, பருத்தி மட்டும் வேண்டாம். டிரைசூட் என்று பெயர் இருந்தாலும் யாரும் முழுக்கக் காய்ந்தபடி வெளியே வருவதில்லை. தரையில் உடுத்திக்கொண்டு நிற்கும்போதே வியர்க்கும். இறங்கியதும் அந்த ஈரம் சூட்டின் உட்பக்கம் குளிர்ந்து துளித்துளியாகப் படியும். பருத்தி அதைக் குடித்துவிட்டு உடம்போடு ஒட்டிக்கொள்ளும். மெரினோ நனைந்தாலும் ஓரளவு கதகதப்பை விடாது. அதன் மேலே முக்கியமான அடுக்கு, அண்டர்சூட். ஃப்ளீஸ் வகை வளைந்து கொடுக்கும், துவைக்க எளிது; ஆனால் அழுத்தினால் தட்டையாகிவிடும். தின்சுலேட் போன்ற நிரப்பு வைத்தவை கொஞ்சம் மொரமொரப்பாக இருக்கும், கையை மடக்கினால் தெரியும். ஆனால் அழுத்தத்தையும் ஈரத்தையும் நன்றாகத் தாங்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. மிகக் குளிர்ந்த நீருக்கு அதன் மேலே கையில்லாத ஒரு உள்கோட்டு சேர்த்துக்கொள்வேன். கைகளின் அசைவைக் கெடுக்காமல் நெஞ்சையும் முதுகையும் அது பார்த்துக்கொள்ளும்.

மலையேற்றத்துக்கு வாங்கிய காற்றுப் புகாத ஜாக்கெட்டை உள்ளே போட்டால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். டிரைசூட்டுக்குள் காற்று இடம் மாற வேண்டும். காலில் இருக்கும் காற்று தோள்பட்டை வால்வுக்கு வந்து சேர்ந்தால்தான் மேலே ஏறும்போது வெளியேற்ற முடியும். காற்றை மறிக்கும் படலம் உள்ள துணி அந்த வழியை அடைத்துவிடும். அதற்கென்றே தைத்த அண்டர்சூட்களில் காற்று கடந்து போகும்படி துணியோ தனி வழியோ வைத்திருப்பார்கள்.

அண்டர்சூட் முடிவான பிறகுதான் சூட். அதுவும் கடைக்குப் போகும்போது அண்டர்சூட்டைக் கையோடு கொண்டுபோய், அதன் மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். டீஷர்ட்டின் மேல் போட்டு "கச்சிதமாக இருக்கிறது" என்று வாங்கிய சூட், உள்ளே தின்சுலேட் போனதும் கையைத் தூக்க விடாது.

பொருளைப் பற்றி: இப்போது பெரும்பாலானவர்கள் வாங்குவது டிரைலாமினேட். இரண்டு துணிகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் படலம். மெல்லியது, எடை குறைவு, தொங்கவிட்டால் சீக்கிரம் காயும். அதற்கென்று சொந்தச் சூடு எதுவும் கிடையாது. முழுக்க அண்டர்சூட்டை நம்பித்தான். அதனாலேயே எனக்குப் பிடிக்கும். கோடைக்கு ஒரு உள்ளுடுப்பு, பனிக்காலத்துக்கு ஒன்று, வெளிச்சூட் ஒன்றே. நியோபிரீன் டிரைசூட் உடம்போடு ஒட்டி நிற்கும், நீந்தச் சொகுசு, தண்ணீர் புகுந்தாலும் கொஞ்சம் கதகதப்பை வைத்திருக்கும். ஆனால் வெட்சூட்டின் அதே குறை இதற்கும் உண்டு: ஆழத்தில் நசுங்கும், அதனால் மிதப்பு மாறிக்கொண்டே இருக்கும். மேல்மட்டத்தில் அதன் குமிழிகளை அடக்க ஈயமும் கூடுதலாகக் கட்ட வேண்டும். காய ஒரு யுகம் ஆகும். இதற்கு நடுவே நசுக்கிய நியோபிரீன் என்று ஒன்று. தொழிற்சாலையிலேயே அழுத்திக் குமிழிகளைச் சிறிதாக்கியிருப்பார்கள். டியூஐ நிறுவனத்தின் சிஎஃப்200 இந்த வகையில் பெயர் பெற்றது. உடைந்த கப்பல்களின் துருப்பிடித்த விளிம்புகளில் உரசுகிறவர்களுக்கு ஏற்ற முரட்டுப் பொருள். எனக்குத் தரையில் அதைச் சுமக்கவே தெம்பு இல்லை. வல்கனைஸ் செய்த ரப்பர் சூட் பெரும்பாலும் தொழில்முறை டைவர்களுக்கு, அசுத்தமான தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு. பொழுதுபோக்குக்கு இறங்கும் நமக்கு அது தேவைப்படாது.

அளவு பார்ப்பதில் அவசரப்படக் கூடாது. முழுக்க மாட்டிக்கொண்டு குந்திப் பாருங்கள், மண்டியிடுங்கள், இரண்டு கைகளையும் குறுக்காகக் கட்டித் தோள்களைப் பிடியுங்கள். அப்புறம் முக்கியமானது: கையைப் பின்னால் கொண்டுபோய்ச் சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட முடிகிறதா? முடியாவிட்டால் அந்த சூட் வேண்டாம். தொடைச் சந்து முழங்காலை நோக்கித் தொங்கினால், காலில் மாட்டும் நீச்சல் துடுப்பான ஃபின்னால் உதைக்கும்போது ஒவ்வொரு உதையிலும் இழுக்கும். என்னைப் போன்றவர்களுக்கு இங்கேதான் தொல்லை. ஆண்களுக்கு வெட்டிய மாதிரியைச் சுருக்கி "ஸ்மால்" என்று தருவார்கள். தோள் அகலமாக, இடுப்பு இறுக்கமாக, பாதம் இரண்டு அளவு பெரிதாக இருக்கும். பாதம் பெரிதென்றால் அங்கே காற்று தங்கும். காற்று தங்கினால் கால் மேலே எழும்பும், கால் எழும்பினால் கணுக்காலில் ஈயம் கட்டத் தோன்றும். ஒரு தையல் பிழைக்குக் கடைசிவரை ஈயத்தால் ஈடுகட்டிக்கொண்டிருப்போம். அளவெடுத்துத் தைக்கும் வசதி இருந்தால் அலங்காரத்துக்குச் செலவழிப்பதை அதற்குச் செலவழியுங்கள். ஒட்டிய பூட்டைவிட, மெல்லிய சாக்ஸ் மாதிரி முடியும் சூட்டும் அதன் மேல் கயிறு கட்டும் தனி பூட்டும் எனக்கு நல்லது. கட்டி இறுக்கினால் காற்றுக்கு இடமில்லை. ஒன்று மட்டும், பழைய ஃபின் இனிக் காலில் ஏறாது. பூட்டையும் ஃபின்னையும் சேர்த்தே வாங்குங்கள்.

கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரை அடைக்கும் சீல்களில் மூன்று வகை. லேட்டக்ஸ் நன்றாக இழுபடும், நன்றாக அடைக்கும். ஆனால் வெயில், ஓசோன், சன்ஸ்கிரீன், உடம்பின் எண்ணெய் எல்லாம் அதற்கு எதிரி. பிசுபிசுப்பாக ஆகத் தொடங்கினால் அதன் காலம் முடிந்தது என்று அர்த்தம். நியோபிரீன் சீல் கதகதப்பானது, நீடித்து உழைக்கும். கழுத்தில் அதை உள்பக்கம் மடித்துவிட வேண்டும். சிலிக்கான் தோலுக்கு மிக மென்மை. ஆனால் அதோடு பசை ஒட்டாது என்பதால் வளையத்தில் மாட்டும் அமைப்பு வேண்டும். அந்த வளையமே நமக்கு லாபம்: கிழிந்தால் கரையிலேயே புதிதை மாட்டிவிட்டு அடுத்த டைவுக்குப் போகலாம். எனக்கு லேட்டக்ஸ் ஒத்துக்கொள்ளாமல் கழுத்தில் தடிப்பு வந்ததால் சிலிக்கானுக்கு மாறினேன். யாருக்குமே அதைத்தான் சொல்வேன்.

புது லேட்டக்ஸ் கழுத்து சீல் பெரும்பாலும் மிக இறுக்கமாக வரும். அதன் மேல் வளையம் வளையமாகக் கோடு இருக்கும். கூரான கத்தரியால் ஒவ்வொரு வளையமாக வெட்டிப் போட்டுப் பார்க்க வேண்டும். "டைவ் செய்யச் செய்ய இளகிவிடும், தாங்கிக்கொள்" என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கழுத்தின் இருபுறமும் ஓடும் ரத்தக்குழாயில் அழுத்தத்தை உணரும் இடம் ஒன்று இருக்கிறது. அதை விடாமல் அழுத்தினால் இதயத்துடிப்பு குறைந்து தலை சுற்றும், மயக்கமும் வரலாம். தண்ணீருக்கடியில் அது வேண்டாத வேலை. மணிக்கட்டில் என் பிரச்சினை வேறு. ஒல்லிக் கை, முஷ்டியை மடக்கினால் தசைநாண்கள் இரண்டு எழும்பி நடுவே ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளம் வழியாகத் தண்ணீர் முழங்கைவரை வரும். சீலைக் கொஞ்சம் மேலே, கை உருண்டையாக இருக்கும் இடம்வரை ஏற்றி வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கையுறை பற்றி ஒரு வார்த்தை. டைவை முடித்து வைப்பது பெரும்பாலும் விரல்கள்தான். உடம்பு சூடாக இருந்தாலும் விரல் மரத்துவிட்டால் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் பட்டனை அமுக்கவோ கொக்கியைக் கழற்றவோ முடியாது. 8 டிகிரிக்குக் கீழே நான் வளையத்தில் பூட்டும் உலர் கையுறைதான். மணிக்கட்டு சீலுக்கடியில் ஒரு தடித்த நூலையோ மெல்லிய குழாயையோ நுழைத்து வைத்தால் சூட்டின் காற்று கையுறைக்கும் போய் விரல்களைப் பிழியாமல் காக்கும். ஆனால் அப்படிச் செய்தால் கையுறை கிழிந்தால் தண்ணீர் சூட்டுக்கும் வரும். எனக்கு அந்தப் பேரம் சம்மதம்.

ஜிப்: முதுகுத் தோளோடு ஓடுவது எளிமையானது, ஆனால் இன்னொருவர் இழுத்துவிட வேண்டும். முன்பக்கம் குறுக்காக ஓடுவதை நாமே பூட்டலாம். பித்தளை ஜிப்புக்கு மெழுகு தேய்க்கணும், மடிக்கவே கூடாது. பிளாஸ்டிக் ஜிப்புக்கு அதோடு வரும் கிரீஸைக் கடைசியில் பூட்டிக்கொள்ளும் இடத்தில் போட்டால் போதும். எதுவானாலும் கடைசி ஒரு சென்டிமீட்டர் மூடியிருக்கிறதா என்று இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது. டிரைசூட்டில் தண்ணீர் புகுந்த கதைகளில் பாதி அந்த ஒரு சென்டிமீட்டரில் தொடங்கியவை என்பது என் சந்தேகம்.

வால்வுகள் இரண்டு. நெஞ்சில் காற்றை ஏற்றுவது, இடது மேற்கையில் வெளியேற்றுவது. வெளியேற்றும் வால்வை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டே டைவ் செய்வதுதான் என் பழக்கம். இடது முழங்கையைத் தூக்கினால் அந்த இடம் உடம்பிலேயே உயரமான புள்ளி ஆகும், காற்று தானாகப் போகும். ஏற்றும்போது குட்டிக் குட்டியாக அமுக்க வேண்டும். கடுங்குளிரில் ஒரே மூச்சாக அமுக்கிப் பிடித்தால், சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் ரெகுலேட்டரின் முதல் நிலை உறைந்து காற்று பீறிட வாய்ப்புண்டு.

இனி ஈயம்.

நிறையப் பேரிடம் ஒரு பெருமை இருக்கிறது. "நான் ஆறு கிலோலதான் இறங்குறேன், நீங்க எதுக்குப் பத்து கட்டுறீங்க?" என்று கேட்பார்கள். வெப்பக்கடலில் மெல்லிய சூட்டோடு டைவ் செய்யும்போது குறைந்த ஈயம் உண்மையிலேயே தேர்ச்சியின் அடையாளம்தான். அந்தப் பெருமையை அப்படியே டிரைசூட்டுக்குள் கொண்டுவரும்போது கணக்கு தப்புகிறது.

எப்படி என்று சொல்கிறேன். காற்றுக்கு எடை உண்டு; ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிராம். 12 லிட்டர் சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் 2,400 லிட்டர் காற்று, எடை 2.9 கிலோ அளவில். 50 பாரோடு மேலே வரும்போது அதில் 2.2 கிலோ நம் நுரையீரல் வழியாகப் போயிருக்கும். அதாவது டைவின் முடிவில் நாம் 2.2 கிலோ இலேசாக இருப்போம். அதனால் ஈயத்தை இறங்கும் நேரத்துக்குக் கணக்கிடக் கூடாது. முடிவில், மேலே வருமுன் 5 மீட்டரில் சில நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தத்தில், காலி ஆகப்போகிற சிலிண்டரோடு அசையாமல் நிற்க எவ்வளவு வேண்டுமோ அதுதான் கணக்கு. இதுவரை எல்லாப் பயிற்சியிலும் சொல்வார்கள்.

சொல்லாமல் விடுவது இது: அந்த 5 மீட்டரில் உங்கள் சூட்டுக்குள் எவ்வளவு காற்று இருக்கிறது? ஆறு கிலோ பெருமைக்காரர் அந்த நேரத்தில் மேலே போய்விடாமல் இருக்க சூட்டில் இருக்கும் கடைசித் துளிக் காற்றையும் வெளியேற்றியிருப்பார். அண்டர்சூட் தட்டையாகி உடம்போடு ஒட்டியிருக்கும். சூட் மடிப்பு மடிப்பாகக் கவ்வியிருக்கும். டைவிலேயே உடம்பு மிகவும் சோர்ந்து குளிர்ந்திருக்கும் நேரம் அது; காற்றுப் போர்வை அதிகம் தேவைப்படும் அந்த நேரத்தில்தான் அதைக் கழற்றி எறிகிறார்.

இது சுகம் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை. அமெரிக்கக் கடற்படையின் சோதனை டைவிங் பிரிவு 2007-இல் ஒரு ஆய்வை வெளியிட்டது. அடியில் இருக்கும்போது உடம்பு சூடாகவும், ஏறும்போது குளிர்ந்தும் இருந்தால் டிகம்ப்ரஷன் நோய், அதாவது உடம்பில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகி வரும் நோய், அதிகம் வருகிறது; அடியில் குளிர்ந்து ஏறும்போது சூடாக இருந்தால் மிகவும் குறைகிறது என்று அதில் தெரியவந்தது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. சூடான தசைகளுக்கு ரத்தம் நிறையப் போகும், அதோடு நைட்ரஜனும். பிறகு குளிர்ந்து ரத்தக்குழாய்கள் சுருங்கினால் உள்ளே போன நைட்ரஜன் வெளியே வர வழி குறுகும். அவர்கள் சோதித்த டைவ்கள் நம்முடையவற்றைவிடக் கடுமையானவை. ஆனாலும் மின்சாரச் சூடு தரும் உள்கோட்டுகளை டைவின் தொடக்கத்திலேயே முழு வேகத்தில் போட்டு, பேட்டரி தீர்ந்து நடுங்கிக்கொண்டே மேலே வருவதை நினைத்தால் எனக்கு உதறல். சூடு தரும் உள்கோட்டு இருந்தால் அதன் சூட்டை ஏறும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆக, குறைந்தபட்ச ஈயம் என்று நான் சொல்வது, அண்டர்சூட் தன் இயல்பான உப்பலோடு இருக்கும்போது போதுமான குறைந்தபட்சம். கவ்விய சூட்டோடு எடுத்த குறைந்தபட்சத்தைவிட அது ஒன்று ஒன்றரை கிலோ கூடவே வரும். வரட்டும்.

பார்க்கும் முறை: ஒரு டைவின் முடிவில், 50 பார் மீதம் இருக்கும்போது, 4, 5 மீட்டர் ஆழத்தில், கையில் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு இருக்கும் இடத்தில். மிதப்புச் சட்டை, அதாவது பிசிடி, முழுக்கக் காலி. சூட்டில் எங்கும் கிள்ளாத அளவுக்கு மட்டும் காற்று. கயிற்றை விட்டு, சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு நில்லுங்கள். கீழே போகிறீர்கள் என்றால் அரை கிலோ அரை கிலோவாக எடுத்து ஜோடியிடம் கொடுங்கள். மேலே போகிறீர்கள் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்தால் மெல்ல எழுந்து, விட்டால் மெல்ல இறங்கும் நிலை வந்துவிட்டால் அதுதான் உங்கள் எண். டைவுக்கு முன்னால், நிறைந்த சிலிண்டரோடு மேல்மட்டத்தில் சோதிப்பதாக இருந்தால், காலியான பிசிடியோடு கண் மட்டத்தில் மிதந்து, அதன் மேல் இரண்டு கிலோ சேர்த்துக்கொள்வது தோராயக் கணக்கு. ஆனால் அப்போது அண்டர்சூட்டில் அடைபட்ட காற்று சரியாக வெளியேறியிருக்காது. புது அண்டர்சூட் என்றால் இன்னும் கேட்கவே வேண்டாம்.

இதற்காக நான்கு கிலோ கூடுதலாகக் கட்டிக்கொண்டு இறங்கலாமா? கூடாது. தேவைக்கு மேல் மூன்று கிலோ இருந்தால் அதைத் தூக்கி நிறுத்த மூன்று லிட்டர் காற்றை எங்காவது சேர்க்க வேண்டும். 20 மீட்டரில் இருக்கும் அந்த மூன்று லிட்டர் 10 மீட்டருக்கு வருவதற்குள் நாலரை லிட்டர் ஆகும், மேல்மட்டத்தில் ஒன்பது. அதை விரட்டி விரட்டி வெளியேற்றிக்கொண்டே ஏற வேண்டும். சூட்டுக்குள் இருந்தால் தோளுக்கும் காலுக்கும் ஓடிக்கொண்டிருக்கும். என் எல்லை இதுதான்: சூட்டில் போடும் காற்று சூட்டுக்காக, கிள்ளாத அளவு வரை. அதற்கு மேல் மிதப்பு தேவைப்பட்டால் பிசிடியில். டைவின் தொடக்கத்தில் அந்த 2.2 கிலோ கூடுதலைத் தாங்குவது பிசிடி. காற்று தீரத் தீர அதுவும் காலியாகிக்கொண்டே வரும். சூட்டை மட்டும் வைத்து மிதப்பைச் சரிசெய்யலாம் என்று கற்றுத்தரும் வழக்கமும் உண்டு. ஈயம் சரியாக இருந்தால் இரண்டு முறைக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை என்பதுதான் உண்மை.

உப்புநீர், நன்னீர் வித்தியாசமும் சேரும். கடல்நீர் ஏறக்குறைய 2.5 விழுக்காடு அடர்த்தி கூடியது. நானும் என் சாமானும் சேர்ந்து 90 கிலோவைத் தொடுவோம். அதனால் கடலில் கட்டுவதைவிட ஏரியில் இரண்டு கிலோ குறைவு. ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் தண்ணீர் ஆண்டு முழுவதும் 2 முதல் 4 டிகிரி. ஆனால் அது நன்னீர். தடித்த அண்டர்சூட் ஈயத்தைக் கூட்டும், நன்னீர் குறைக்கும். அங்கே போகிறவர்கள் கடல் கணக்கை அப்படியே எடுத்துப் போக வேண்டாம். சிலிண்டரும் பேசும்: அலுமினியம் காலியானதும் மிதக்கத் தொடங்கும், இரும்பு அப்படி இல்லை. குளிர்நீரில் இரும்புச் சிலிண்டர் இருந்தால் பெல்ட்டில் பல கிலோ மிச்சம்.

அந்தப் பத்து கிலோவை எங்கே வைப்பது என்பது எத்தனை கிலோ என்பதற்குச் சமமான கேள்வி. எல்லாவற்றையும் இடுப்பு பெல்ட்டில் கோத்தால் இடுப்பு வலிக்கும். தவிர பெல்ட் சூட்டை நடுவே கட்டிவிடுவதால் கீழ்ப்பாதிக் காற்று மேலே வரத் தயங்கும். நான் பிரித்து வைக்கிறேன்: முதுகில் எஃகுத் தகடு, சிலிண்டர் பட்டையில் கொஞ்சம், மீதி இடுப்பில் கழற்றி எறியக்கூடியபடி. முழுவதையும் எறியத் தேவையில்லை, முழுவதும் எறிந்தால் ராக்கெட் மாதிரிப் போவோம். ஆனால் மேல்மட்டத்தில் மிதக்க உதவும் அளவுக்காவது எறிய வழி இருக்க வேண்டும். கணுக்கால் ஈயம் எனக்கு ஆகாது. ஒவ்வொரு உதைக்கும் அதைத் தூக்கிப் போட வேண்டும். கால் எழும்பினால் முதலில் பூட்டின் கயிற்றை இறுக்குங்கள், அப்புறம் கனமான ரப்பர் ஃபின் மாட்டிப் பாருங்கள், ஈயத்தை ஒரு சாண் கீழே நகர்த்துங்கள். இதெல்லாம் செய்தும் எழும்பினால் சரி, கட்டிக்கொள்ளுங்கள், சண்டையில்லை.

டிரைசூட்டோடு ஆழத்துக்குப் போவதற்கு முன் ஆழமில்லாத இடத்தில், பயிற்சியாளரோடு செய்து பழக வேண்டியவை மூன்று. காலில் காற்று ஏறித் தலைகீழானால் முழங்காலை மார்போடு மடக்கி உருண்டு நிமிர்ந்து, நிமிர்ந்தவுடன் காற்றை வெளியேற்றுவது. இரண்டாவது, இன்ஃப்ளேட்டர் சிக்கிக்கொண்டு காற்று ஏறிக்கொண்டே இருந்தால் வெளியேற்றியபடியே குழாயைப் பிடுங்குவது. தடித்த கையுறையோடு இது சுலபமில்லை, அதனால்தான் கையுறையோடு பழகச் சொல்கிறேன். மூன்றாவது, சூட்டில் தண்ணீர் நிறைந்தால் பிசிடி மட்டும் வைத்து மேலே வருவது. உள்ளே புகுந்த தண்ணீர் நம்மைக் கீழே இழுக்காது. தண்ணீருக்குள் தண்ணீருக்கு எடையில்லை. போனது சூட்டிலிருந்த காற்றின் மிதப்பு மட்டும்தான், அதைப் பிசிடி ஈடுசெய்துவிடும். கஷ்டம் கரையேறும்போதுதான், கால் இரண்டிலும் குடம் குடமாகத் தண்ணீரோடு. பிசிடியின் கொள்ளளவு அதற்குப் போதுமா என்று வாங்கும்போதே பாருங்கள்.

பெண்கள் தனியாக வந்து கேட்கும் கேள்வியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குளிர்ந்த நீரில் மூழ்கினால் சிறுநீர் அதிகம் சுரக்கும், எல்லோருக்கும். ஆண்களுக்குச் சூட்டில் குழாயும் வால்வும் வைக்கும் ஏற்பாடு பழையது. பெண்களுக்கும் இப்போது ஷீ-பி என்ற கருவி இருக்கிறது. பொருத்திப் பழகப் பொறுமை வேண்டும். நான் பெரியவர்களுக்கான டயப்பர் கட்சி. கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிக்காமல் இறங்குவதுதான் மோசமான யோசனை. டயப்பரும் கொஞ்சம் மிதக்கும், காய்ந்திருக்கும்வரை.

கடைசியாக என் குறிப்பேட்டிலிருந்து. ஏரி, மெல்லிய அண்டர்சூட், இரும்பு 12 லிட்டர்: 6 கிலோ. ஏரி, தடித்த அண்டர்சூட்: 8. கடல், தடித்தது: 10, உள்கோட்டு சேர்ந்தால் 11. எஃகுத் தகடும் இதில் அடக்கம். இந்த எண்களை எடுத்து உங்கள் பெல்ட்டில் கோக்காதீர்கள், இவை என் எலும்புக்கும் என் துணிக்கும். ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் தண்ணீர், வெப்பநிலை, உள்ளே போட்டது, சிலிண்டர், மிச்ச பார், ஈயம், 5 மீட்டரில் சூட் கிள்ளியதா இல்லையா என்று ஒரு வரி எழுதுங்கள். அண்டர்சூட்டை மாற்றினால் அந்த வரியைக் கயிற்றருகே நின்று மறுபடி முதலிலிருந்து.